ஒரே தடவையில் நின்ற கார்

1. போன வாரம் எங்கள் புஜைரா அலுவலக நடைவழியில் புதிதாகப் படங்கள் மாட்டினார்கள்.
2. அதில் ஒன்று பழைய அமெரிக்க ஓவியத்தின் நகல். புழுதிச் சாலையில் கூரையில்லாத மோட்டார் கார். டயர் மாற்றும் கணவன். தொப்பியைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் மனைவி.
3. அதன் முன் நின்றதில் மீட்டிங்குக்குத் தாமதமாகப் போனேன்.

எல்லோரும் படம் அழகு என்றார்கள். எனக்கு வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டின் வாசனை வந்தது.

சின்ன வயதில் சவூதியின் அல் கோபாரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைகளில் கடல்பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போவோம். அங்கே குதைபியாவில் தோசை, அப்புறம் முருங்கைக்காய், அப்புறம் வீடு. சவூதியில் அன்று பெண்கள் கார் ஓட்ட முடியாது; பஹ்ரைனில் ஓட்டலாம். அம்மாவோ கல்யாணத்துக்கு முன்பே கும்பகோணத்தில் அம்பாசிடர் ஓட்டியவள். லைசென்ஸைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருந்தாள். பாலம் ஏறும்போதெல்லாம் அப்பா, "அந்தப் பக்கம் போனதும் தர்றேன், டிரைவரம்மா" என்பார். போனதும் அவருக்குப் பசி வந்துவிடும்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தந்தார். கடலோரத்தில் ஆளில்லாத மணல் மைதானம். இப்போது அங்கே அடுக்குமாடிகளாம். இரண்டு டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று முதலில் தானே செய்து காட்டினார். பிறகு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இடது பக்க ஸ்டீயரிங் அவளுக்குப் புதிது. ஆனாலும் கார் கோடு போட்டதுபோல் பின்னால் போய் நின்றது.

நான் எதையும் எண்ணுகிற பிள்ளை. கிரேன், நம்பர் பிளேட், தோசைக்கு வந்த சட்னி. அந்தப் பழக்கத்தில் பின் சீட்டிலிருந்து சொன்னேன்:

"அப்பா, நீங்க மூணு தடவை எடுத்தீங்க. அம்மா ஒரே தடவைல போட்டுட்டாங்க."

அம்மா சிரித்துவிட்டாள்.

"போதும், இறங்கு. போலீஸ் பாத்தா வம்பு" என்றார் அப்பா.

"இன்னும் ஒரு ரவுண்டுங்க."

"கலாஸ்னா கலாஸ். முடிஞ்சுது."

அதன் பிறகு பாலத்தில் அந்தப் பேச்சே வரவில்லை. டிரைவரம்மா என்று கூப்பிடுவதும் நின்றது. நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சரியாத்தான் எண்ணினே" என்றாள். அது இன்னும் வலிக்கிறது.

குடும்பமாக இருந்தால் கட்டுப்படியாகாது என்று அப்பா பின்னாளில் எங்களை ஊருக்கு அனுப்பினார். சவூதியில் சட்டம் மாறியபோது அவரே போன் செய்தார். பெண்களும் ஓட்டலாமாம் என்றார். "அப்படியா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

இன்றைய நிலவரம் இது. அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். கார் வாங்கியிருக்கிறார். அவரே ஓட்டுகிறார். அம்மாவின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கவில்லை.