ஏழரை மணி வரை கேட்டைப் பூட்டுவதில்லை

கடைசி ஆளும் வந்து சேர்ந்து, வாழைப்பழத் தோலையெல்லாம் பொறுக்கி, மேசையை மடக்கிய பிறகும் நான் கேட்டைப் பூட்ட விடமாட்டேன். சாயங்காலம் ஏழரை ஆக வேண்டும். கூட இருக்கும் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "ஏழரை முடியாம அங்கிள் நம்மள விடமாட்டார்" என்று கிண்டல் வேறு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாங்கள் நடத்துவது சைக்கிள் பயணம். பந்தயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்குப் பிரேசர் டவுனில் ஒரு மைதானத்தின் கேட்டிலிருந்து கிளம்பி, கோலார் பக்கம் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, ஏழரைக்குள் அதே கேட்டுக்குத் திரும்ப வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். பெயர்ப் பட்டியல்கூட அகர வரிசையில் இருக்கும். பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும், பசித்தால் நீங்களே கடை தேட வேண்டும். வழியில் சில இடங்களில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் அட்டையை நீட்டி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மேசையில் ஆள் இல்லாவிட்டால், பக்கத்துக் கடையில் எதையாவது வாங்கி, நேரம் அச்சான பில்லைக் காட்டலாம். அதுவும் செல்லும். பிரான்ஸ் நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் ஓட்டுகிறார்களாம்.

பெங்களூருக்கு இது வந்த புதிதில் பத்துப் பேர் சேர்ந்தாலே பெரிய கூட்டம். லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்தான் அட்டை அடித்தோம். மழை பெய்தால் மை ஓடிவிடும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு பனியனுக்குள் செருகிக்கொள்வார்கள். வழியில் டீக்கடைக்காரர்கள், "பிரைஸ் ஏனு சார்?" என்று கேட்பார்கள். பரிசு ஒன்றும் கிடையாது என்று சொன்னால், எங்களைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்படுவார்கள். ஒருவர் என் நெற்றியைத் தொட்டே பார்த்தார். இப்போது எல்லாம் மாறிவிட்டது. பல இடங்களில் அட்டைக்குப் பதில் போனே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. பெயர் கொடுக்கத் தாமதித்தால் இடம் கிடைப்பதில்லை.

முதல் இரண்டு வருஷம் நானும் ஓட்டினேன். முழங்கால் போதும் சாமி என்றதும் மேசைக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால், எந்த மேசையை எத்தனை மணிக்கு மூடுவது என்ற கணக்கு என் பொறுப்பு. சுலபமான கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு நான்கு நிமிஷம். கடைசி மேசைக்கு மட்டும் கூடுதலாகப் பத்து நிமிஷம். என் கணக்கில் யாரும் பிழை கண்டுபிடித்தது கிடையாது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு வருஷம் நூறாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை வாசலில் என் மேசை. ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் பன்னிரண்டு நாற்பதுக்குள் வர வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. கடைக்காரர் வீட்டில் கல்யாணமாம். நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதைத் தாண்டி இன்னும் எட்டு கிலோமீட்டர் போய் இன்னொரு கடையில் மேசையைப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மதியத்துக்குள் ஒருவரைத் தவிர எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். அந்த ஒருவர் மர்பி டவுனிலிருந்து வருகிற பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரி லேபில் வேலை. யாரோ ஓட்டிப் பழசான கியர் சைக்கிள், பின்னால் தயிர்சாத டப்பா. முதல் தடவை டயர் கிழிந்து நின்றார், இரண்டாம் தடவை வயிறு கெட்டு நின்றார். அன்று வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

அட்டையை நீட்டினார். நான் வாங்கி, என் தாளைப் பார்த்தேன்.

"பன்னெண்டு நாப்பதுக்கே மூடியாச்சும்மா."

"பன்னெண்டு நிமிஷம்தானே அங்கிள்."

"உங்களுக்கு ஒரு ரூல், இன்னொருத்தருக்கு ஒரு ரூல்னு வெக்க முடியாதும்மா."

"மூணாவது தடவை அங்கிள். லேப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

நான் அட்டையில் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சைக்கிளை ஏதாவது டெம்போவில் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரேசர் டவுனுக்குப் போன் போட்டு, ஒருவர் விலகிவிட்டார், மற்றவர்கள் வந்ததும் மூடிவிடலாம் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய், கண்டிப்பு இருந்தால்தான் இதெல்லாம் நிலைக்கும் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த பயணத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இனிமேல் புதுக் கடைதான் என்று முடிவாகியிருந்தது. நூற்றெட்டை நான்கால் பெருக்கினேன். ஒன்று பன்னிரண்டு என்று வந்தது. பேனா கையிலேயே நின்றது. அன்று மேசையை எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டவன் நேரத்தைத் தள்ளிப் போடவில்லை. அந்தப் பெண் தாமதமாக வரவேயில்லை. இருபது நிமிஷம் முன்னதாக வந்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

முடித்தவர்கள் பட்டியல் எப்போதோ மேலிடத்துக்குப் போய்விட்டது, இனித் திருத்த முடியாது என்று பயணப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுனுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. பிறகு போன் கவரைக் கழற்றி, மடித்த சின்னக் காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். விரித்தேன். வெறும் வெள்ளைத் தாள்.

"பேக்கரி பில்லு அங்கிள். ஏழு ஒன்பதுன்னு இருந்துச்சு. சூட்டுல எல்லாம் அழிஞ்சிடுச்சு."

அவர் அன்று முழுவதும் ஓட்டி முடித்திருக்கிறார். சிவப்புக் கோட்டோடு, தனியாக, இன்னொரு தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். நேரம் முடிய இருபத்தொரு நிமிஷம் இருக்கும்போது பிரேசர் டவுன் கேட்டுக்கு வந்திருக்கிறார். கேட் பூட்டியிருந்தது. என் போனை நம்பி எல்லாரும் ஆறரைக்கே கிளம்பிவிட்டார்கள். எதிர் பேக்கரியில் ஒரு பன் வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

"கோடு போட்டப்போ எனக்கு அழுகை வரல அங்கிள். எப்படியும் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்னு ஓட்டினேன். பூட்டைப் பாத்தப்போதான் அழுதேன். யாராவது ஒருத்தர் இருப்பாங்கன்னு நெனச்சேன்."

என் மேசைக்கான கட்டத்தில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசிக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது அவர் விரலால் அதை மறைத்தார்.

"அதுல வேணாம் அங்கிள். அப்போ அங்க நீங்க இல்லயே."

அந்தக் கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதமே மறுபடி பெயர் கொடுத்தார். வெளி மேசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, நான் பிரேசர் டவுன் கேட்டிலேயே உட்கார்ந்தேன். ஏழேகால் ஆயிற்று. ஏழு இருபது. மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து தெருவில் நின்றேன். ஏழு இருபத்தாறுக்கு, வளைவில் ஒரு சின்ன விளக்கு தெரிந்தது. முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்தது.

"அங்கிள், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன்.