புருஷன் பெயரையும் சேர்த்து வேண்டியவள்

போன ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முருகனை நம்பும் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் நான் ஜூனியர். விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, இவைதான் தினமும். கெடார் பக்கத்துச் செல்வி, சீனியர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் கட்சிக்காரர். கணவர் அடித்ததில் அவளுக்கு ஒரு காது கேட்காது. வழக்கு முடியும்வரை ஞாயிறுதோறும் மயிலம் மலை முருகன் கோயிலில் அப்பா மகளைப் பார்க்கலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

அன்று நானும் போயிருந்தேன். இளநீர் வாங்கித் தருவதாகச் சொல்லி மகளை அடிவாரத்துக்கு அழைத்துப் போனவர் திரும்பவில்லை. செல்வியின் போனுக்கு அவர் குரல் மட்டும் வந்தது. "எனக்கு இல்லாத புள்ள உனுக்கும் வேணாம்."

போலீசில் சொன்னோம். தேடினார்கள். பொழுது சாய்ந்தது. படித்த சட்டம் எதுவும் கைகொடுக்கவில்லை. சன்னதியில் நின்று, குழந்தையை மட்டும் கொடுத்துவிடு என்று அழுதேன். பக்கத்தில் செல்வி வாய்விட்டு வேண்டினாள்.

"எம் புள்ளயக் குடு முருகா. அந்த ஆளுக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது."

எனக்குக் கோபமே வந்தது. "அவருக்குமா?" என்றேன்.

"அவரு சாவப் போனா புள்ளயையும் இட்டுக்கினுதான் மேடம் போவாரு. ரெண்டு பேரையும்தான் கேக்கணும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. அவர் தானாகவே மகளோடு திண்டிவனம் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாராம். ஓடினோம். குழந்தை தாயைக் கட்டிக்கொண்டாள். அவர் பையில் பூச்சிமருந்து பாட்டில், மூடி திறக்காமலே இருந்தது. தலை நிமிராமல் சொன்னார்.

"புள்ள தண்ணி கேட்டுதும்மா. இதக் குடுக்கக் கை வரல."

அந்தக் கையைத் தடுத்தது யாரென்று எனக்குத் தெரியும்.

குடும்பம் ஒன்று சேரவில்லை. அவர் மேல் குற்ற வழக்கு, இந்தப் பக்கம் விவாகரத்து வழக்கு. யாராவது சத்தம் போட்டால் குழந்தை இன்றும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்கிறாள். ஆனால் உயிரோடு இருக்கிறாள்.

இந்தத் தொழிலே வேண்டாம் என்றிருந்தேன். விடவில்லை. இப்போது கோர்ட்டுக்குப் புறப்படும்போது கட்சிக்காரர் பெயரோடு எதிர்த்தரப்பின் பெயரையும் சொல்லி வேண்டுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தீராத சண்டை இருக்கலாம். யார் மேல் உங்களுக்கு ஆத்திரமோ, அவர் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முருகன் கேட்பான்.