மேசையில் அடித்த இரண்டு ஆணிகள்

இன்று காலை மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புது மேசை செய்து முடித்தேன். துணி அளப்பதற்காக, மேசை விளிம்பில் ஒரு கெஜ தூரத்தில், அதாவது முப்பத்தாறு அங்குல இடைவெளியில், இரண்டு பித்தளை ஆணிகள் அடிக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. அடித்தேன்.

அவர் கடைக் கெஜக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"என்ன ஆசாரி, கண்ணு மங்கிப்போச்சா? ஒரு அங்குலம் தள்ளி அடிச்சிருக்கீரு!"

கடை நிறைய ஆட்கள். நாற்பது வருடமாக உளி பிடிக்கிறேன். என்னை எவரும் அப்படிச் சொன்னதில்லை. என் அடிக்கோலை அவர் கோலின் மேல் வைத்துக் காட்டினேன். அவர் கோல்தான் ஒரு அங்குலம் குறைவு.

துணி எடுக்க வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "அப்ப இம்புட்டு வருசமா எனக்கு இதுலயா அளந்தீக?"

முதலாளி என்னை ஓரமாக இழுத்துப்போனார். "ஆணியப் பிடுங்கி என் கோலுக்குத் தக்கன அடிச்சிரும். இல்லைன்னா இந்த வீதியில உமக்கு ஒரு கடை வேலையும் கிடைக்காது."

"கிடைக்க வேணாம். நான் அடிச்ச ஆணி முப்பத்தாறு அங்குலத்துலதான் நிக்கும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆணிகளின் முனையை அடிப்பக்கத்தில் மடக்கி அடித்திருக்கிறேன். பிடுங்கினால் தேக்குப் பலகை பிளக்கும். அவர் இப்போது வேறு ஆசாரி தேடுகிறாராம்.

நம் ஆசாரிமாரில் யார் போகப்போகிறீர்கள்? எனக்கும் சொல்லி அனுப்புங்கள். பலகை பிளக்கும் சத்தத்தைக் கேட்க நானும் வருகிறேன்.