சனிக்கிழமை என்று நான் எழுதிய கடிதம்

“லெட்டர் நல்லா எழுதுவ தங்கச்சி, இல்லேங்கல. ஆனா ஆளுங்கள ஒண்ணா சேக்க உன்னால முடியுமா?”

கெடா மாநிலத்து மெர்கோங்கில், எங்கள் தாமான் வீடமைப்புப் பகுதியின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர், மளிகைக் கடை அண்ணன், இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து முடித்தவள் நான். கோலாலம்பூரில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு வேறு. பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பட்டமளிப்புப் படத்தைக் காட்டுவார். நான் தடுப்பதுபோல் நடிப்பேன். செயலாளர் பதவிக்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம். யாரும் போட்டியிடவில்லை என்பது உண்மை.

எங்கள் வரிசையில் நான்கு நைஜீரியக் குடும்பங்கள் குடிவந்திருந்தன. அவர்களில் மூன்றாம் வீட்டு அக்கா, வாரத்தில் ஒரு மாலை தாமான் மண்டபத்தைக் கேட்டிருந்தார். பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பள்ளியில் பாடம் புரியாமல் விழிக்கிறார்களாம். சங்கக் குழுவில் சிலர் தயங்கி இழுத்தார்கள்.

“மொதல்ல நம்மகூட கோத்தோங் ரோயோங்குக்கு வரட்டும்லா, அப்புறம் பாப்போம்” என்று முடிவானது. எல்லாரும் சேர்ந்து சாக்கடை தூர்வாரிப் புல் வெட்டும் அந்தக் காலைக்கு நாள் குறிப்பது என் பொறுப்பு.

அவர்கள் கிறிஸ்தவர்கள், ஞாயிறு தேவாலயம் போவார்கள். ஆகவே சனி. என் பரந்த மனத்தை நானே மெச்சிக்கொண்டு, மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாட்சாப் குழுவில் போட்டேன். அதில் செயலாளர் மட்டுமே பேச முடியும். வெட்டி அரட்டை வேண்டாமென்று நானே பூட்டி வைத்திருந்தேன். மறுநாள் அந்த அக்கா என்னை வாசலில் நிறுத்தி, “அந்தச் சனிக்கிழமை…” என்று மலாயில் ஆரம்பித்தார்.

“எல்லாம் லெட்டர்லயே இருக்கு அக்கா” என்று மோட்டார்சைக்கிளைக் கிளப்பிவிட்டேன்.

சனிக்கிழமை அந்த நான்கு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

“பாத்தியா, இவங்க சேரமாட்டாங்க” என்றார் தலைவர், மண்வெட்டியில் சாய்ந்தபடி.

மதியம் கோபத்தோடு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா இஸ்திரி கலையாத பளபளப்பான உடையில், அப்போதுதான் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“சபையில இருந்து வர்றோம். கெடாவுல வெள்ளியும் சனியுந்தான லீவு, ஞாயித்துக்கிழமை வேலை நாளாச்சே, எங்க ஆராதனை சனிக்கிழமை காலைலதான். அதச் சொல்லத்தான் அன்னைக்கு உன்ன நிறுத்துனேன். நீ என்ன, கோலாலம்பூர்க்காரியா?”

என் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவன். நானும் பதினோரு வருடம் அப்படிப் போனவள்தான். நான்கு வருடத் தலைநகர வாசம் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது.

மாலைக் கூட்டத்தில் மண்டப விண்ணப்பத்தை நிராகரிக்கப் பார்த்தார்கள். நான் எழுந்து, தப்பு என்னுடையது என்றேன்.

“அப்ப அத மினிட்ஸ்ல எழுது” என்றார் தலைவர்.

எழுதினேன்: ‘செயலாளர் நாளைத் தவறாகக் குறித்தார். சொல்ல வந்தவரையும் பேச விடவில்லை.’ இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று விட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவர்களைப் பற்றி, அவர்கள் இல்லாமலே நாங்கள் பேசக்கூடாது. சங்கக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த அக்காவைச் சம்மதிக்க வைத்து, அவர் பெயரை முன்மொழிந்து கையெழுத்திட்டேன், அப்பா வழிமொழிந்தார். படிவத்தை நேற்றே தலைவர் கடையில் கொடுத்துவிட்டேன்.