பயத்துக்கு விரதம் என்று பெயர் வைத்தேன்

அம்மன் சன்னிதியில் கூடியிருக்கும் உங்களிடம் நான் சொன்ன ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும். அதை அவள் பெயரை வைத்தே சொன்னேன்.

ஜப்பான்காரன் ஆட்சியில் இரண்டாவது வருஷம், ஆடி மாதம். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு வந்து, ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் பன்னிரண்டு மாணவர்கள். ஊரில் வாந்திபேதி பரவியதும் கதவைப் பூட்டி, வாசலில் சிப்பாயை நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் என்னோடு உட்கார்ந்து கிழங்கு தின்ற முனியாண்டி, மறுநாள் உயிரோடு இல்லை.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடு என்ன பெரிய சாப்பாடு, அவித்த மரவள்ளிக்கிழங்குதான். வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிடுவேன். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவேன். கிருமியைப் பற்றிப் படித்த படிப்பே என்னைப் பிடித்து ஆட்டியது. வெந்நீர் மட்டும் குடித்தேன். டிரெசர் ஆகப்போகிறவன் பயம் என்று சொல்ல முடியுமா? வெட்கமாக இருந்தது. அம்மனுக்கு விரதம் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஆட்களிடம் அந்த ஒரு வார்த்தை போதும். யாரும் சாப்பிடு என்று வற்புறுத்தவில்லை. ஒருவன் என்னைக் கும்பிடவே செய்தான். இனி எந்த முகத்தோடு கிழங்கு கேட்பேன்? என்னை நானே அடைத்துக்கொண்டேன்.

கதவைப் பூட்டிய எட்டாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதேன். "தாயே, பொய் சொல்லிட்டேன். சாகவும் பயம், சாப்பிடவும் பயம். நீதான் வழி விடணும்."

அன்று சாயங்காலம், எங்களோடு உள்ளே மாட்டிக்கொண்ட சமையற்காரர் காதர் பாய் சுடச்சுடக் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, நாங்களும் நோன்பு பிடிக்கிறவங்கதான். பொழுது சாஞ்சா திறந்துருவோம். உன் நோன்பு எப்பப்பா திறக்கும்?"

நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"பயமா இருக்கா?"

தலையாட்டினேன். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"எனக்கும்தான். இரு, மொதல்ல நான் குடிக்கிறேன்."

பாதியைத் தன் குவளையில் ஊற்றிக் குடித்தார். பிறகு நான் ஒரு வாய் குடித்தேன். அது வயிற்றில் தங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மூன்று வாய் இறங்கியது. கதவைத் திறந்துவிட்ட அன்று நானே நடந்து வெளியே வந்தேன்.

இன்று நான் டிரெசர். சாப்பிட மறுக்கும் நோயாளியை அதட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பயமா என்றுதான் கேட்கிறேன்.

அம்மன் காப்பாற்றினாள் என்றால், கஞ்சி கொடுத்தது பாய்தானே என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கும் வெளியே சொல்ல முடியாத பயம் இருந்தால், அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.