ஒரு சிட்டிகை உறை

திருமானூர் பஸ் அரியலூர் ரயிலடியில் வந்து நின்றதும் கண்டக்டர் என்னைத் தேடி இறங்கி வந்தார். வழக்கமாகத் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று அருகில் வந்துதான் பேசினார்.

"பாப்பா, ஒங்க லூர்து அக்கா போயிட்டாங்கம்மா. காய்ச்சல்னாங்க. நேத்து சாயங்காலமே எலாக்குறிச்சியில எடுத்தாச்சு."

ரயில் ஒன்று கடந்து போனது. அதன் பெட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றேன் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை எங்கோ நழுவிவிட்டது.

லூர்து அக்காவை இந்த ஊரில் பலருக்கும் தெரியும். யுத்த காலத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த எங்கள் சின்ன மருந்துச்சாலையில் நானும் அவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் பெயரை எடுத்தால் "மருந்தைக் கெடுத்து வேலை போனவங்கதானே?" என்று இன்றும் கேட்கிறார்கள். அது உண்மையல்ல. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

குழந்தைகளின் நெஞ்சுச்சளிக் காய்ச்சலுக்கு சல்பா மருந்து செய்தோம். வெளியூரிலிருந்து வரும் பழுப்புத் தூளைக் கொதிநீரில் கரைத்து, வடிகட்டி, அகன்ற பீங்கான் தொட்டிகளில் ஆறவிடுவோம். ஆறும் வேளையில் முன்பு செய்த மருந்தின் படிகத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவ வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுவதைப்போல. நாங்களும் அதை உறை என்றே சொன்னோம். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சம் தொட்டியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகரும். நான் மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வேன். தெளிந்த நீருக்குள், யாரோ நினைத்துக்கொண்டதுபோல, முதல் படிக மணி தோன்றும். சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொன்று.

தொட்டியை ஈரத்துணியால் சுற்றிச் சீக்கிரம் ஆற்றிவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அவசரப்பட்டா மாவு, பொறுத்தா கண்ணாடி. படிச்ச புள்ள, இது தெரியலயா காலேஜு?" என்றார். நான் இன்டர்மீடியட் முடித்தவள். அவர் ஐந்தாம் வகுப்பு. அவர் வைத்த அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் உறை ஜாடி காலியாக இருந்தது. தொட்டி ஆறிக்கொண்டிருந்தது. "காலேஜு, ஒரு சிட்டிகை உறை குடேன்" என்று கையை நீட்டினார். அடுத்த வீட்டில் உறைமோர் வாங்குகிறவர்கள் எந்த மாட்டுப் பால் என்று கேட்பதில்லையே. நானும் யோசிக்கவில்லை. ஸ்பிரிட்டில் கழுவிய மருந்தின் மிச்சம் ஒரு தட்டில் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். "இது ஸ்பிரிட்டுல காஞ்சதாச்சே?" என்றார். "எல்லாம் ஒரே சரக்குதான் அக்கா" என்றேன். புத்தகம் படித்தவளின் குரலில் சொன்னேன். அவர் நம்பினார்.

அன்று தொட்டியில் வழக்கமான சர்க்கரைபோன்ற மணிகள் வரவில்லை. அந்த உறையின் வழியே, மீன் செதில்போல மெல்லிய தகடுகள் மின்னின. "அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம வூட்டுப் புள்ள சாடையில்லயே" என்றார் அக்கா. முதலாளி சோதித்துப் பார்த்தார். மருந்து சுத்தமாகவே இருந்தது. பொடித்துப் பிசின்நீரில் கலந்து பன்னிரண்டு புட்டிகள் பெரம்பலூருக்கும் குன்னத்துக்கும் போயின. அக்கா மட்டும் மனம் கேளாமல் ஒரு சின்னப் புட்டியை நிரப்பி ஜன்னலில் வைத்திருந்தார்.

நான்காம் நாள் அதன் மேல்பாதி வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. தகடுகள் தம் உருவை விட்டு வேறு உருவுக்கு மாறி, அடியில் கல்லாக இறுகியிருந்தன. எவ்வளவு குலுக்கியும் கலங்கவில்லை.

"மொதக் கரண்டியில தண்ணி, கடசிக் கரண்டியில கல்லு. புள்ளைங்க குடிக்கிற மருந்து இது!" என்று முதலாளியிடம் ஓடினார். யார் செய்தது என்று அவர் கேட்டார். "நான்தான் ஒற மாத்திப் போட்டேன்" என்றார் அக்கா. நான் கதவருகே நின்றிருந்தேன்.

அந்தப் பன்னிரண்டையும் மாற்றி வர, முன்பு செய்த நல்ல சரக்கில் நிரப்பிய புட்டிகளோடு நாங்கள் இருவரும் கிளம்பினோம். முதலில் பெரம்பலூர், பிறகு குன்னம். கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றது. அக்கா இறங்கி, சுண்ணாம்புக்கல் சிதறிக் கிடந்த மேட்டில் ஒரு சிப்பியை எடுத்து வந்தார். கடல் இருந்த பூமி இது. சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள்தான் என்றேன். "அப்ப நம்ம மருந்து மாதிரிதான். சரக்கு ஒண்ணு, உருவு வேற" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பதினொரு புட்டிகள் கிடைத்தன. பன்னிரண்டாவது குன்னத்தில் ஒரு வெங்காயக் களத்தை ஒட்டிய வீட்டில் இருந்தது. மூன்று நாளாக மருந்து கொடுத்தும் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. "அடியில நிக்கிறதுதான் சத்து, அத ஒண்ணாச் சொரண்டி இன்னக்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள் தாய். கொடுத்திருந்தால் மொத்த மருந்தும் ஒரே வேளையில் உள்ளே போயிருக்கும். அக்கா அந்தப் புட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கவில்லை. "குடு தாயி, இதவிடச் சத்து கொண்டாந்திருக்கேன்" என்று வாங்கி என்னிடம் தந்துவிட்டு, புதியதை நன்றாகக் குலுக்கி, தானே ஊட்டினார். வீட்டுக்குச் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லியனுப்பிவிட்டுத் தங்கிவிட்டோம். மறுநாள் முற்பகலில் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டது. அதன் பிறகுதான் அக்கா அங்கிருந்து எழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில், "முதலாளிகிட்ட நான் சொல்லிடுறேன் அக்கா" என்று தொடங்கினேன்.

"சும்மா இரு. ஒனக்கு வேல போனா ஒங்கப்பா அடுத்த முகூர்த்தத்துலயே கட்டிக் குடுத்துருவாரு. பொஸ்தகமெல்லாம் பரணுக்குப் போயிரும். எனக்கென்ன, எங்க ஊருக் கடலக்காடு எங்கயும் ஓடிறாது."

நான் சும்மா இருந்தேன். அவர் வேலை போயிற்று. என் வேலை இருந்தது; புத்தகங்கள் இருந்தன. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. அக்காவின் ஊரான எலாக்குறிச்சி, திருமானூர் பஸ் போகும் வழியில்தான் இருந்தது. ஒருமுறைகூட நான் அங்கே இறங்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா இருக்கையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

பன்னிரண்டாவது புட்டியை நான் எறியவில்லை. என் ஜன்னலில் இருக்கிறது. நடுப்பகலில் வெயில் பட்டால் அதன் அடியில் ஒரு சின்னக் கடல் மின்னுகிறது. இன்று காலையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். கலங்கவில்லை.