ஊதிப் பார்க்காத டிரில்

துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கரிபிடித்த கை எதற்கு என்று சைகோனில் இருந்த காரைக்கால்காரர்கள் மீரா சாகிப்பைக் கேலி செய்வார்கள். அவர் சட்டை செய்ததில்லை. மாமா கடையில் பட்டுத்துணியை முழம்போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு ஒத்துவரவில்லை. கான் ஹொய் துறைமுகத்தை ஒட்டிய கடைசல் பட்டறையில் லேத்து பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

அவரிடம் வந்துசேர்வது பெரும்பாலும் நீளத் துளை வேலை. படகின் சுழல்தண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துளைக்க வேண்டும். மேலே எண்ணெய் ஊற்றினால் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. அதனால் டிரில்லுக்கு உள்ளேயே ஒரு குழல் ஓடும். பம்பு தள்ளும் எண்ணெய் அதன் வழியாக முனைக்கே போய்ச் சூட்டைத் தணிக்கும், இரும்புச் சீவலையும் வெளியே அடித்துக்கொண்டு வரும். குழல் அடைத்தால் கதை கந்தல். ஆகவே டிரில்லை மாட்டுமுன் வாய்வைத்து ஊதிப் பார்ப்பார்கள். காற்று எங்கே தடுக்கிறது என்பது கன்னத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

நோன்பு மாதத்தில் இதில்தான் சிக்கல். எண்ணெய் தொண்டையில் இறங்கினால் நோன்பு போய்விடுமே என்று அவருக்குப் பயம். அந்த மாதம் முழுக்க அவருக்காக ஊதியவன் பக்கத்து லேத்துக்காரன் ரொபேர், புதுச்சேரிக் கிறிஸ்தவன். "பொன்சூர் நானா, குடுங்க" என்று பிரெஞ்சு வணக்கமும் அண்ணன் முறையும் சொல்லி வாங்குவான், ஊதுவான், துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். வருஷக்கணக்காக இதுதான் ஏற்பாடு. ஒருநாளும் நன்றி சொல்லிக்கொண்டதில்லை.

அமெரிக்கக் கப்பல்கள் ஆற்றை அடைத்து நின்ற காலம். அப்படி ஒரு நோன்பு நாளில், பயணிகள் படகின் தண்டு ஒன்று அவசரமாக வந்தது. படகுக்காரர் வாசலைவிட்டு நகரவில்லை. ரொபேரோ இரும்பு வாங்க வெளியே போயிருந்தான். மீரா சாகிப் ஊதாமலேயே மாட்டிப் பம்பைத் திறந்தார். முனையில் எண்ணெய் நூலாக வடிந்தது. வருகிறதே, போதும் என்று நினைத்துவிட்டார்.

பாதித் துளையில் கருகல் வாடை கிளம்பியது. பசிக் களைப்பில் அவருக்கு அது உறைக்கவில்லை. அப்போதுதான் உள்ளே நுழைந்த ரொபேருக்கு உறைத்தது. "நானா, எரியுது! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே சுவிட்சுக்கு ஓடினான். அதற்குள் சுழலும் தண்டு, தன்னுள் இறுகிப்போன டிரில்லை முறுக்கி ஒடித்தது. ஒடிந்த துண்டு துள்ளி அவன் இடது கண்ணில் அடித்தது. ஆஸ்பத்திரியில் என்ன பாடுபட்டும் அந்தக் கண் மிஞ்சவில்லை.

பிறகுதான் மீரா சாகிப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய் விவரம் கேட்டார். "ஊதுறதால நோன்பு முறியாது, வாப்பா. தப்பித்தவறி எண்ணெ உள்ள போயிட்டாலும், பொறவு ஒருநாள் களா நோன்பு வச்சு ஈடு பண்ணிடலாம்" என்றார் அவர்.

நோன்புக்கு ஈடு உண்டு. கண்ணுக்கு? இதை முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மீரா சாகிப் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மனைவி மதார் பீவி தேற்றியும் தேறவில்லை.

ரொபேர் வேலைக்குத் திரும்பினான். நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவன் மன்னித்தானா இல்லையா என்று தெரியாமல் மீரா சாகிப் ஒரு வருஷம் தலைகுனிந்தே நடந்தார்.

அடுத்த நோன்பு பிறந்தது. முதல் நாள் காலையில், நோன்பு போனால் களா வைத்துக்கொள்வோம் என்று டிரில்லைத் தாமே வாயருகே கொண்டுபோனார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது.

"நோன்பாளி நீங்க. குடுங்க நானா."

"வேணாம் தம்பி. உனக்கு நான் பண்ணுனது போதாதா?"

"கண்ணுதான போச்சு, வாய் இருக்குல்ல" என்றான் ரொபேர்.

ஊதினான். கன்னம் புடைத்து நின்றது. "அடைச்சிருக்கு" என்று கம்பிவிட்டுக் குத்தி, மறுபடி ஊதி, எண்ணெயைத் துப்பினான். "இப்ப மாட்டுங்க."

மீரா சாகிப் மாட்டவில்லை. டிரில்லை ஓரமாக வைத்துவிட்டு, பட்டறையே பார்க்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.